அருந்ததி எங்கே தெரிகிறது?

தெருவிளக்கு, ஹைமாஸ், விளம்பரப் பலகை என்று வெளிச்சம் கூடக்கூட வானம் மறைந்துகொண்டே போகிறது. கடலாமைக் குஞ்சிலிருந்து காவலூர் தொலைநோக்கி வரை பாதிப்பு பரவியிருக்கிறது. சரிசெய்வது எளிது என்பதுதான் இதில் அதிகம் பேசப்படாத விஷயம்.

பங்குனி பிறக்கப்போகும் ஒரு பின்னிரவு. பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் இடையே மணலில் ஓரிடம் லேசாகக் குழிகிறது. மணல் சரிந்து, கறுத்த மூக்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது. பிறகு ஒரு துடுப்பு. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழி முழுக்கத் துடுப்புகள். ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம்கூட இல்லாத பங்குனி ஆமைக் குஞ்சுகள். நூறு இருக்கும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, மணலை உதறிவிட்டு, எல்லாம் ஒரே திசையில் கிளம்புகின்றன.

கடல் கிழக்கே இருக்கிறது. குஞ்சுகள் போவது மேற்கே.

மேற்கே சாலை. அங்கே ஹைமாஸ் விளக்கு எரிகிறது. உணவகத்தின் பெயர்ப்பலகை எரிகிறது. அடுக்குமாடியின் மொட்டைமாடியில் யாரோ அணைக்க மறந்த ஃபிளட் லைட் எரிகிறது. இருண்டு கிடக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, வெளுத்துத் தெரியும் அடிவானத்தை நோக்கி நகர வேண்டும் என்பதுதான் குஞ்சோடு கூடப் பிறந்த அறிவு. மனிதன் தோன்றுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து அது பிசகியதில்லை. கரையில் மரமும் மேடும் இருண்டிருக்கும். விண்மீன் வெளிச்சம் பட்ட கடல் வெளுத்திருக்கும். இப்போது சென்னையில் கரைதான் வெளுத்திருக்கிறது.

சாலைப்பக்கம் போன குஞ்சுக்குத் தெருநாய் காத்திருக்கிறது, நண்டு காத்திருக்கிறது, விடிந்தால் காகம். எதிலும் சிக்காதது வெயிலில் வற்றிச் சாகும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது ஆமை ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கடலைத் தொடுவதற்கு முன்பே சாகும் குஞ்சுகள் அந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குகின்றன.

இந்தக் கடற்கரையில் 1970-களில் தொடங்கிய ஆமை நடையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவெல்லாம் மணலில் நடந்து, தாய் ஆமை விட்டுப்போன தடத்தைப் பிடித்துப்போய், முட்டைகளை எடுத்து வேலியிட்ட குஞ்சுபொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலோரத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். தாய் தோண்டிய குழியிலேயே முட்டையை விட்டுவைக்க முடியாததற்கு நாயும் மனித நடமாட்டமும் காரணம். விளக்கும் காரணம். இயற்கை தானாகச் செய்த ஒரு வேலையை, நாம் போட்ட வெளிச்சத்தால், கல்லூரிப் பிள்ளைகள் கண்விழித்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

புகையை மாசு என்கிறோம். சாயக்கழிவை மாசு என்கிறோம். ஒலிபெருக்கிக்குக்கூட 2000-ஆம் ஆண்டிலிருந்து தனி விதிகள் இருக்கின்றன. வெளிச்சத்தை மாசு என்று சொல்ல மட்டும் நமக்கு வாய் வருவதில்லை. மின்சாரம் வராமல் தலைமுறைகளாக இருட்டில் கிடந்த ஊர்கள் நம்முடையவை. விளக்கு வந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடியவர்கள் நாம். அந்த மகிழ்ச்சியில் பிழை ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரை கேட்பதும் விளக்கை அணைக்கச் சொல்லி அல்ல. விளக்கு எங்கே விழுகிறது, என்ன நிறத்தில் விழுகிறது, எத்தனை மணி வரை விழுகிறது என்பதைத்தான்.

விளக்குக்குத் தொப்பி இல்லை

இரவில் மலைமேல் நின்று ஓர் ஊரைப் பார்த்தால் விளக்குகள் தனித்தனியாகத் தெரியும். தெருவுக்காகப் போட்ட அந்த வெளிச்சம் மலைமேல் இருப்பவர் கண்ணில் படுகிறதென்றால், அந்தப் பங்கு தெருவில் விழவில்லை என்றுதான் பொருள். பக்கவாட்டிலும் மேலேயும் தப்பிப்போகும் அந்த ஒளி காற்றிலுள்ள மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி மறுபடி கீழே வருகிறது. ஊருக்கு மேலே கவிழ்த்த ஒரு வெளுப்பு. வான ஒளிர்வு என்கிறார்கள். பெருநகரத்தின் ஒளிர்வு நூறு, இருநூறு கிலோமீட்டர் தாண்டியும் அடிவானத்தில் தெரியும்.

எல்.இ.டி. வந்ததும் இது இன்னொரு கட்டத்துக்குப் போனது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது, தகுதியான பரிசு. அடுத்த ஆண்டு, 2015 ஜனவரியில், மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் மாறின. மின்கட்டணம் இறங்கியது. ஆனால் பழைய சோடியம் விளக்கின் மஞ்சளுக்குப் பதிலாகத் தெருவில் வந்து உட்கார்ந்தது நீலம் கலந்த வெள்ளை. கடையில் ‘கூல் ஒயிட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான்.

நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். சோடியம் விளக்கின் மஞ்சளோடு ஒப்பிட்டால் எல்.இ.டி.யின் நீலப்பகுதி ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறுகிறது. அதாவது, தெருவில் அதே அளவு வெளிச்சம் கொடுத்தாலும் வானத்தைக் கெடுப்பதில் வெள்ளை விளக்கு முந்துகிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. மின்செலவு குறைந்ததால் ஒரு விளக்கு இருந்த இடத்தில் இரண்டு வைத்தோம். கடைக்காரர் பெயர்ப்பலகையை இரவு முழுக்க எரியவிட்டார். ஊராட்சிக்கு ஊராட்சி தொகுதி நிதியில் ஹைமாஸ் கம்பம் வந்தது. மிச்சம் பிடித்ததை வெளிச்சமாகவே செலவழித்துவிட்டோம்.

பெட்டிச் செய்தி: எண்களில் இரவு

● 2016-இல் வெளியான உலக வான ஒளிர்வு வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஒளி மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு இருக்கும் இடத்திலிருந்து பால்வீதி தெரியாது.

● 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: வானத்தின் வெளுப்பு ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது. இன்று 250 விண்மீன் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதாகும்போது 100 தெரியும்.

● அதற்கு முன் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போட்ட கணக்கு, வெளிச்சம் பரவிய பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம்தான் கூடுகிறது என்றது. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வர ஒரு காரணம், அந்தச் செயற்கைக்கோளின் கண்ணுக்கு எல்.இ.டி.யின் நீலம் தெரியாது.

● முழு இருள் வானத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டக்கூடிய விண்மீன்கள், இரு அரைக்கோளமும் சேர்த்து, ஏறக்குறைய 9,000.

நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த சிறுகோள்

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த தூண். 1792-இல் கிழக்கிந்திய கம்பெனி எழுப்பிய மெட்ராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கிக் கருவியை ஒருகாலத்தில் சுமந்தது. இந்த வளாகத்திலிருந்து 1861 ஏப்ரலில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்கள். அங்கேயே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். எண்ணெய் விளக்குக் காலத்துச் சென்னையின் வானம் அத்தனை தெளிவாக இருந்திருக்கிறது. அதே இடத்தில் இன்று நிமிர்ந்து பார்ப்பவருக்குப் பிரகாசமான சில விண்மீன்களும் கோள்களும் மிஞ்சும்.

விண்மீனின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலைத் துல்லியமாக வகுத்தவரும் இதே போக்சன்தான். மெட்ராஸ் வருவதற்கு முன், 1856-இல். அவர் கணக்கில் ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. வானத்தின் வெளுப்பையும் அதே அளவுகோலில்தான் அளக்கிறார்கள். மாசில்லாத வானம் 22. பெருநகர மையங்கள் 17, 18-இல் நிற்கும். 17 என்றால், அந்த நகரத்தின் வானம் இயற்கையான இரவைவிட நூறு மடங்கு வெளுத்திருக்கிறது.

மெட்ராஸ் வானாய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போனதற்கு விளக்கொளி காரணமல்ல; சூரியனை ஆராய மலை தேவைப்பட்டது. ஆனால் அடுத்த இடத்தைத் தேடும்போது இருட்டும் ஒரு தகுதியாக வந்து நின்றது. வானியலாளர் வேணு பாப்பு 1960-களில் தெற்கு வானமும் தெரியவேண்டும், ஊர் வெளிச்சமும் எட்டக்கூடாது என்று தேடித் தேர்ந்த இடம் ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூர். சந்தனக் காட்டுக்கு நடுவே, சுமார் 725 மீட்டர் உயரம். 1968-இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் நிலவான கனிமீடுக்கு வளிமண்டலம் இருக்கிறது என்பதற்கான தடயம், யுரேனசின் வளையங்கள் என்று அந்தச் சிறிய மலை ஊரின் பெயர் உலக ஆய்விதழ்களில் ஏறியது. முழுக்க இந்தியாவில் உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் இயங்கத் தொடங்கியபோது அதைப் பார்க்கப் பாப்பு இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். அந்தத் தொலைநோக்கி வந்து இரண்டாண்டு கழித்துக் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் கிடைத்தது.

பாப்பு தேர்ந்தெடுத்த இருட்டு அப்படியே இல்லை. மலையைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், ஜோலார்பேட்டை எல்லாம் வளர்ந்துவிட்டன. அடிவாரத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. மேற்கே பெங்களூரு. இவற்றின் வெளிச்சம் வானத்தில் ஏறுவதால் தொலைநோக்கிக்கு நேரும் நட்டம் நமக்குத் தோன்றுவதைவிடப் பெரிது. பல கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளிலிருந்து வரும் மங்கலான ஒளி, அதைவிடப் பிரகாசமான வெளுப்புக்குள் கரைந்துவிடுகிறது. கண்ணாடியைப் பெரிதாக்கினால் வெளுப்பும் சேர்ந்தே உள்ளே வரும். இதில் சோடியம் விளக்கு கொஞ்சம் இரக்கமுள்ளது. அதன் ஒளி பெரும்பாலும் குறுகிய நிறப்பட்டைகளில் இருக்கும். வடிகட்டி போட்டு அதைக் கழித்துவிடலாம். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளி எல்லா நிறத்திலும் பரந்து கிடக்கும். எதைக் கழிப்பது?

அதனால் இந்திய வானியல் இன்னும் மேலே ஏறியது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் தொலைநோக்கி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடியே அதை இயக்குகிறார்கள். அறிவியலுக்கு இன்னொரு மலை கிடைத்துவிட்டது. காவலூரில் வசிக்கும் பிள்ளைக்கு மாற்று வானம் ஏது?

அம்மி மட்டும் இருக்கிறது

நம் கல்யாணங்களில் அம்மி மிதிப்பதும் அருந்ததி பார்ப்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறவை. அருந்ததி கற்பனையான விண்மீன் அல்ல. சப்தரிஷி மண்டலத்தின் வால்பகுதியில் வசிட்டரை ஒட்டி மங்கலாகத் தெரியும். போக்சன் அளவுகோலில் நான்காம் படி. சுத்தமான வானத்தில் சராசரிக் கண்ணுக்கு இது பெரிய வேலையே இல்லை. சென்னையிலோ கோவையிலோ மண்டப வாசலில் வந்து நின்று, சப்தரிஷி வானத்தில் இருக்கும் இரவுநேரத்தில் பார்த்தால்கூடப் பெரும்பாலும் வசிட்டரோடு கதை முடிந்துவிடும். புரோகிதர் கைகாட்டிய பக்கம் பார்த்து “தெரியுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள் மணமக்கள். தாத்தாவும் பாட்டியும் உண்மையிலேயே பார்த்தார்கள்.

கடலோடிகள் விண்மீனை ‘வெள்ளி’ என்பார்கள். திசைகாட்டும் கருவியும் ஜி.பி.எஸ்.ஸும் வருவதற்கு முன் எந்த வெள்ளி எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஏறும் என்பது பிழைப்புக்கான பாடம். இன்றைக்கு அந்தப் பாடம் தேவைப்படாமல் போயிருக்கலாம். வீட்டுக்கு வீடு வழங்கிய ஓர் அறிவு, வானம் தெரியாத காரணத்தாலேயே கேட்பாரற்றுப்போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெட்டிச் செய்தி: உங்கள் மொட்டைமாடியில் ஒரு சோதனை

கண்ணை இருட்டுக்குப் பழக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை கைபேசியைத் தொடாதீர்கள். ஒருமுறை திரையைப் பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் உச்சிக்கு அருகே கார்த்திகைக் கூட்டம் இருக்கும். ஆறு விண்மீன்களும் எண்ணக் கிடைத்தால் உங்கள் வானம் நான்காம் படியைத் தாண்டுகிறது. புகைபோல ஒரு பொட்டு மட்டும் தெரிந்தால் மாசு கணிசம். அதுவும் இல்லையென்றால் மோசம்.

ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே சப்தரிஷி மண்டலம். வாலின் முனையிலிருந்து இரண்டாவது வசிட்டர். பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்று பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்க்கவும்.

சாமந்திக்குத் தெரியும்

ஓசூர் பக்கம் இரவில் பயணம் செய்திருந்தால் வயல் நடுவே சரம்சரமாக பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். திருவிழா இல்லை. சாமந்தித் தோட்டம். இரவு நீளமாக இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். பண்டிகைச் சந்தைக்குத் தோதாகப் பூக்கவேண்டும் என்றால் நடு இரவில் சில மணிநேரம் விளக்கைப் போட்டு, ‘இன்னும் இரவு நீளவில்லை’ என்று செடியை நம்பவைக்க வேண்டும். செடி நம்பிவிடுகிறது. வேண்டிய உயரம் வளர்ந்தபின் விளக்கை நிறுத்தினால் பூக்கும். ஒரு சாதாரண பல்பு ஒரு செடியின் நாட்காட்டியையே மாற்றிவிடும் என்பதை நம் விவசாயிகள் நன்றாகவே அறிந்துவைத்திருக்கிறார்கள். அதை வைத்துத் தொழிலே செய்கிறார்கள்.

அப்படியானால் நெடுஞ்சாலை விளக்கை ஒட்டிய வயலில் யாரும் கேட்காமலேயே என்ன நடக்கிறது? நெல்லிலும் பல ரகங்கள் இரவின் நீளத்தைப் பார்த்துக் கதிர் விடுபவை. ஜப்பானிலும் கொரியாவிலும் தெருவிளக்கை ஒட்டிய வயல்களில் கதிர் தாமதமாவதையும் விளைச்சல் குறைவதையும் ஆராய்ந்து பதிவுசெய்திருக்கிறார்கள். நம்மூரிலும் நெல் வயலை ஒட்டியே சாலை விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. அந்த இழப்புக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

பூச்சிகளின் கதை இன்னும் கலக்கமானது. விளக்கைச் சுற்றும் விட்டில் நமக்குப் பழகிய காட்சி. விடியும்வரை சுற்றி, களைத்து விழுந்து சாகும் அந்தப் பூச்சிக்கு இரவில் வேறு வேலை இருந்தது. சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் தெருவிளக்கை நட்டுச் சோதித்து 2017-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: விளக்கு எரிந்த இடத்தில் இரவு மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. பகலில் வந்த பூச்சிகளால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியவில்லை. ஆராய்ந்த செடியில் காய்ப்பு 13 சதவீதம் இறங்கியது. அந்தி சாய்ந்தபின் மணம் விடும் நம்மூர் வெள்ளைப் பூக்கள் பலவும் இரவுப் பூச்சிகளுக்காகவே மலர்கின்றன. மரமல்லியின் நீண்ட குழலுக்குள் நாக்கு நீட்டக்கூடிய அந்துப்பூச்சி வராவிட்டால், விடிகாலையில் அத்தனையும் தெருவில் உதிர்ந்து கிடப்பதுதான் மிச்சம்.

ஆனைமலையில் டாப்ஸ்லிப் பக்கம், கோடைமழைக்கு முந்தைய நாட்களில், மரத்துக்கு மரம் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். 2022-இல் வனத்துறை அதைப் பதிவுசெய்து வெளியிட்டபோது தமிழ்நாடே வியந்தது. அந்த மின்னல் ஆண் விடும் அழைப்பு. பெண் இருட்டுக்குள்ளிருந்து தனக்குரிய இடைவெளியில் பதில் மின்னும். பக்கத்தில் ஒரு ஃபிளட் லைட் எரிந்தால் அழைப்பும் தெரியாது, பதிலும் தெரியாது. அடுத்த தலைமுறையும் வராது. உங்கள் ஊரில் மின்மினி கடைசியாக எந்த ஆண்டு தெரிந்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள். பூச்சிமருந்தும் காரணம், நீர்நிலை போனதும் காரணம். விளக்கையும் பட்டியலில் சேர்க்கவேண்டியிருக்கிறது.

மீனை விளக்கு எப்படி இழுக்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. கடலில் சக்திவாய்ந்த எல்.இ.டி.யைப் போட்டு மீன்கூட்டத்தையே திரட்டி வாரிக்கொண்டுபோகும் முறையைப் பாரம்பரிய மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இந்தியக் கடற்பரப்பில் அதற்கு மத்திய அரசு 2017-இல் தடை போட்டது. வெளிச்சத்தால் ஒரு சூழல் காலியாகும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் அது.

உடம்புக்குள்ளும் ஒரு இரவு

நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்றில்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவற்றை அடையாளம் கண்டார்கள். நீல ஒளிக்கு அவை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். நீலம் பட்டால் ‘பகல்’ என்று செய்தி போகும். உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு குறையும். இப்படிப் பகலிரவைக் கணிக்கும் உடலின் உள்கடிகாரத்தின் இயக்கத்தை விளக்கிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இரவுநேர ஷிப்டு வேலையைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபரிசீலனை செய்தபோதும் அதை மாற்றவில்லை. தெருவிளக்குக்கும் புற்றுநோய்க்கும் நேர்முடிச்சுப் போட இது போதாது. ஆனால் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நிற்கும் வெள்ளை விளக்கை வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொல்வதற்கும் இனி நியாயமில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் தெருவிளக்கின் நிறவெப்பம் 3,000 கெல்வினைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. நாம் வாங்கும் ‘கூல் ஒயிட்’ 6,000-ஐத் தொடும்.

பெண்கள் எப்படி நடப்பது?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு இந்த விஷயத்தைப் பேசக்கூடாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இருட்டுச் சந்தில் நடக்கும் பெண்ணிடம் போய் பால்வீதியைப் பற்றிப் பேசுவது அநியாயம். வெளிச்சம் உதவும் என்பதற்கு நியூயார்க்கில் பொதுக்குடியிருப்புகளில் நடந்த சோதனையே சான்று. கூடுதல் விளக்கு வைத்த இடங்களில் இரவுநேரக் குற்றங்கள் கணிசமாகக் குறைந்தன. இன்னொரு பக்கம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் தெருவிளக்கை நள்ளிரவுக்குமேல் மங்கலாக்கியதையும் அணைத்ததையும் ஆராய்ந்து 2015-இல் வந்த ஆய்வு, விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எங்கே, எப்படி என்பதுதான் விஷயம்.

ஹைமாஸ் கம்பத்தின் கீழே நின்று நூறடி தள்ளியிருக்கும் மரத்தடியைப் பாருங்கள். கண் கூசும். கண்பாப்பா சுருங்கிவிடும். மரத்தடியில் யாராவது நின்றால்கூடத் தெரியாது. அதே மின்சாரத்தை நான்கு தாழ்ந்த கம்பங்களில், மேல்பக்கம் மூடிய விளக்காக, தரையைப் பார்த்துப் பிரித்துப் போட்டால் நிழல் இருக்காது, கூச்சம் இருக்காது, முகம் தெரியும். பாதுகாப்பும் விண்மீனும் எதிரெதிர்க் கட்சி அல்ல. சந்துக்குள் விளக்கே இல்லாமல், சந்தையில் மட்டும் நாற்பதடிக் கம்பம் நிற்பதுதான் இன்றைய நிலைமை.

ஹான்லேயில் திரைச்சீலை

2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை இருள் வானக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் முதலாவது. அங்கே ஆறு சிற்றூர்களில் மக்கள் வாழ்கிறார்கள், விளக்கும் எரிகிறது. வீட்டு ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார்கள், வெளிவிளக்குக்கு மூடி போட்டார்கள். உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தொலைநோக்கி கொடுத்து வானத்தைக் காட்டப் பயிற்சி தந்தார்கள். பயணிகள் வந்து வீடுகளில் தங்குகிறார்கள். இருட்டு அந்த ஊருக்கு வருமானமாகியிருக்கிறது. 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்குச் சர்வதேச இருள் வானப் பூங்கா அங்கீகாரம் கிடைத்தது. தமிழ்நாட்டில் கொல்லிமலையில் அப்படியொரு பூங்கா அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. நல்ல சேதி. பூங்கா அமைத்துவிட்டு மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மூடியில்லாத வெள்ளை விளக்கு போடாமலிருந்தால் இன்னும் நல்லது.

வெளிநாடுகளில் சட்டமே உண்டு. பிரான்சின் 2018 டிசம்பர் ஆணைப்படி, வேலை முடிந்த ஒரு மணிநேரத்துக்குள் அலுவலகங்களின் உள்விளக்கை அணைக்க வேண்டும். கடைக் கண்ணாடி விளக்குகளும் இரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும். சிலி தன் வடபகுதிப் பாலைவன வானத்தை 1998-இலேயே விதி போட்டுக் காத்தது. இந்தியாவில் ஒளி மாசுக்கென்று தேசியச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வாய்ப்பு இப்போதே வாசலில் நிற்கிறது.

அடுத்த டெண்டர்

எல்.இ.டி. தெருவிளக்கின் ஆயுள் பொதுவாக 50,000 மணிநேரம் என்று குறிப்பிடப்படுகிறது. ஓர் இரவுக்குப் பதினொன்றரை மணிநேரம் எரிந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு. 2015-ஐ ஒட்டி மாட்டிய முதல் தொகுதி விளக்குகள் ஓய்வுபெறும் காலம் இது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று எல்லா இடத்திலும் அடுத்த சில ஆண்டுகளில் புதிய டெண்டர் போட்டே ஆகவேண்டும். கம்பம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, மாற்றப்போவது மேலே இருக்கும் விளக்கை மட்டும்.

அந்த டெண்டரில் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. விளக்கிலிருந்து கிடைமட்டத்துக்கு மேலே ஒளி போகக்கூடாது. நிறவெப்பம் 3,000 கெல்வினுக்குள்; கடற்கரை, காடு, வானாய்வகத்தைச் சுற்றி அதையும்விடக் குறைவாக, அம்பர் நிறத்தில். இரவு பதினொரு மணிக்குமேல் பாதி வெளிச்சத்துக்குத் தானாகக் குறையும் வசதி. வார்ம் ஒயிட் விளக்கு இன்று கடையில் கிடைக்காத சரக்கல்ல. மங்கலாக்கும் கருவியும் புதிதல்ல. காற்றைச் சுத்தமாக்கப் பல ஆண்டு, நதியைச் சுத்தமாக்க ஒரு தலைமுறை. வானத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. விளக்கைத் திருப்பிய இரவே பலன் தெரியும்.

ஆமைப் பருவத்தில் கடற்கரை விளக்குகளை அணைக்கவேண்டும் என்ற கோரிக்கை சென்னையில் ஆண்டுதோறும் எழுகிறது. சில இடங்களில் சில மணிநேரம் அணைக்கவும் செய்கிறார்கள். நிலத்தைப் பார்த்த அம்பர் விளக்கை நிரந்தரமாகவே மாட்டிவிட்டால் ஆண்டுக்காண்டு மனு கொடுக்க வேண்டியதில்லை. மீனவக் குப்பத்துக்கும் வெளிச்சம் இருக்கும். காவலூரைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகளுக்கும் இதே வழிதான்.

கிராமசபை ஆண்டுக்குப் பல முறை கூடுகிறது. எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடுகிறோம். அந்தத் தீர்மானத்தோடு ‘மூடிபோட்ட, மஞ்சள் வெளிச்ச விளக்கு’ என்று நான்கு சொற்களைச் சேர்த்து எழுதலாம்.